அழகுக்கு மூச்சுத் திணறுகிறது

(இரண்டாமாண்டு, இளநிலை அறிவியல் – விலங்கியல்)

நாய் வேடம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. வேடம் போட்டவனுக்கே அந்த நியதி என்றால், நாயாகவே பிறந்த ஒன்று குரைக்க வேண்டாமா? குரைப்பதற்கு மூச்சில்லாத நாய்களையும், ஓடுவதற்கு முதுகெலும்பு இடம் கொடாத நாய்களையும், எத்தனை முறை அழைத்தாலும் காதில் விழாத நாய்களையும் சென்ற கோடை விடுமுறையில் நான் கண்டேன். கண்ட இடம் கண்காட்சி அன்று. எங்கள் கிராமத்துக்கு அருகிலுள்ள நகரத்தின் அரசு கால்நடை மருத்துவமனை. அங்கே கண்டதையும், கண்டபின் எண்ணியதையும் சக மாணவர்களிடமும் ஆசிரியப் பெருமக்களிடமும் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அது மே மாதம். முதலாம் ஆண்டுத் தேர்வு முடிந்து வீட்டில் இருந்தேன். எங்கள் வெள்ளாடு ஒன்று, பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு ஊற வைத்திருந்த அரிசியை வயிறு முட்டத் தின்றுவிட்டு, பொழுது விடியும்போது வயிறு உப்பிக் கால் பரப்பிக் கிடந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். எனக்குக் கிடைத்த சீட்டு பதினான்காம் எண். மடி வீங்கிய பசுக்கள், கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டிகள், துணியில் சுற்றிய கோழிகள் எனத் திண்ணை முழுவதும் கூட்டம். எங்கள் முறை நெருங்கிய நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. உடம்பெங்கும் அடர்ந்த உரோமமும் நீலக் கண்களும் கொண்ட பெரிய நாய் ஒன்றை இருவர் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே ஓடினார்கள். மருத்துவரும் எங்களை விட்டுவிட்டு அதன் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்குக் கோபம் பொங்கியது. காரில் வந்தால் முன்வரிசை, ஆட்டோவில் வந்தால் பின்வரிசையா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மருத்துவர் திரும்பிப் பார்க்காமலே, "தம்பி, வந்து இந்த வெப்பமானியைப் பாருங்க" என்றார். பார்த்தேன். 107 டிகிரி பாரன்ஹீட். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101-இலிருந்து 102.5 வரை. 106-ஐத் தாண்டினால் மூளையும் சிறுநீரகமும் கெடத் தொடங்கும். அந்த நாயின் நாக்கு செங்கல் நிறத்தில் தொங்கியது. முந்தைய இரவு மின்சாரம் போய்விட்டதாம். குளிர்சாதன அறையிலேயே வளர்ந்த அது, நான்கு மணி நேரத்தில் சுருண்டுவிட்டதாம். நானும் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஈரத்துணி போர்த்தினார்கள், மின்விசிறியைப் பக்கத்தில் நகர்த்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குப்பின் அது கண் விழித்தது. அதை வளர்த்தவர் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். என் கோபத்தை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

பிறகு எங்கள் ஆட்டுக்குச் சோடா உப்பைக் கரைத்துப் புகட்டி, ஊசியும் போட்டார்கள். அதுவும் பிழைத்தது. "என்ன படிக்கிறீங்க?" என்று மருத்துவர் கேட்டார். "விலங்கியல், சார். முதல் வருசம் முடிச்சிருக்கேன்" என்றேன். "அப்படின்னா லீவு முடியிற வரைக்கும் இங்க வாங்க. புத்தகத்துல இல்லாத விலங்கியல் இங்க இருக்கு" என்றார். நான்கு வாரங்கள் போனேன். சீட்டு எழுதினேன், நாய்களின் வாயைக் கட்டிப் பிடித்தேன், கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டேன். அங்கே நான் கற்ற பாடம் ஒன்றுதான்: மனிதன் எதை அழகென்று விலை கொடுத்து வாங்குகிறானோ, அதுவே பல வேளைகளில் அந்த உயிரின் நோயாக இருக்கிறது.

முதலில் அந்த நீலக்கண் நாயையே எடுத்துக்கொள்வோம். சைபீரியன் ஹஸ்கி என்பது அதன் பெயர். வடகிழக்குச் சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம். 1925-ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, கப்பலும் விமானமும் போக முடியாத பனிப் புயலில், 20 ஓட்டிகளும் ஏறத்தாழ 150 வண்டி நாய்களும் மாறி மாறி ஓடி, சுமார் 1,085 கிலோமீட்டர் தொலைவை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தன. அந்த வீரக் குலத்தில் வந்த ஒன்றைக் கத்திரி வெயில் காயும் கரிசல் காட்டுக்குக் கொண்டு வந்து, மாடிப்படிக்கு அடியில் சங்கிலியில் கட்டுவது என்ன நியாயம்? நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது தன் சூட்டை வெளியேற்ற வேண்டும். இரட்டை அடுக்கு உரோமத்தோடு 40 டிகிரி செல்சியஸ் வெயிலில் எத்தனை நேரம் இளைக்க முடியும்? "அப்படியானால் முடியை மழித்துவிடலாமா சார்?" என்று அதன் உரிமையாளர் கேட்டார். "மழிச்சா வெயில் நேரா தோல்ல அடிக்கும். முடியைக் குறை சொல்லி என்ன செய்ய? ஊர்தான் அதுக்குப் பொருந்தல" என்றார் மருத்துவர்.

ஹஸ்கியாவது தன் ஊரில் நலமாக இருக்கும். எந்த ஊரிலும் நலமாக இருக்க முடியாத ஓர் உயிரை மறுவாரம் பார்த்தேன். ஒரு பள்ளி மாணவி 'பக்' என்னும் சப்பை மூக்கு நாய் ஒன்றைக் குழந்தைபோல் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தாள். 2003-ஆம் ஆண்டில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் ஒருவன் பின்னால் போனதே, அதே இனம். அந்த ஒரு விளம்பரத்துக்குப் பிறகே இந்த நாய் நம் நாட்டு நகரங்களில் வீட்டுக்கு வீடு விரும்பப்பட்டது. அந்தச் சிறுமி சிரித்துக்கொண்டே, "இது தூங்குறப்போ தாத்தா மாதிரி குறட்டை விடும் சார், அவ்ளோ அழகா இருக்கும்" என்றாள். மருத்துவர் அதன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் நகத்தால் கீறியதுபோல் இரு கோடுகள். "அது குறட்டை இல்லம்மா. மூச்சுக்கு அது படுற பாடு" என்றார். சிறுமியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். இத்தகைய நாய்களின் மண்டையோட்டின் முன்பகுதியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் குட்டையாக்கினார்கள். எலும்பு குட்டையானது, உள்ளே இருந்த தசை அதே அளவுக்குக் குறையவில்லை. ஆகவே மேலண்ணத்தின் மென்பகுதி நீண்டு தொங்கி மூச்சுக்குழலின் வாயை அடைக்கிறது. கண்குழியும் ஆழமில்லாமல் போனதால் விழிகள் பிதுங்கி நிற்கின்றன. சிறு அடிபட்டாலும் வெளியே வந்துவிடும். நாம் 'பெரிய பெரிய கண்கள்' என்று கொஞ்சுவது அந்தக் குறையைத்தான். பக் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-ஆம் ஆண்டில் தன்னையும் தன் பக் நாயையும் சேர்த்து ஓர் ஓவியம் தீட்டினார். அந்த நாய்க்கு முகத்தில் மூக்கு இருக்கிறது! 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. இன்ன இனத்துக்கு இன்ன முகம், இன்ன வால், இன்ன நிறம் என்று இலக்கணம் வகுத்துப் பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். பரிசு பெற்றதையே மீண்டும் மீண்டும் சேர்த்தார்கள். விளைவு? இங்கிலாந்திலுள்ள ஏறத்தாழ 10,000 பக் நாய்களின் மரபணு வளம், 50 நாய்களின் வளத்துக்கே சமம் என்று 2008-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

பக் மட்டுமா? ஆங்கிலப் புல்டாக் நாய்க்குட்டியின் தலை தாயின் இடுப்பெலும்பு வழியே வர முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் வளைக்கரடி வேட்டைக்கு வளர்த்த டாஷ்ஹவுண்டின் குட்டைக் கால்களுக்குக் காரணம் ஒரு மரபணுவின் மிகைப்படியே என்று 2009-இல் கண்டறிந்தார்கள். நீண்ட முதுகும் குட்டைக் காலும் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கிப் பின்னங்கால் இரண்டும் விழுந்துபோன டாஷ்ஹவுண்ட் ஒன்றை அந்தத் திண்ணையில் பார்த்தவன் நான். அது முன்னங்கால்களால் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு தன் எசமானிடம் போயிற்று. வாலை ஆட்ட முயன்றது, வால் ஆடவில்லை.

இனி, நாயல்லாத விருந்தாளிகளுக்கு வருவோம். ஒரு நாள் காலை ஒரு சிறுவன் கண்ணாடிப் பெட்டியோடு வந்தான். உள்ளே கன்னத்தில் சிவப்புக் கோடு உள்ள ஆமை. கண் இமைகள் வீங்கி மூடிக் கிடந்தன. கடையில் கொடுத்த தீனியை மட்டுமே போட்டதால் வைட்டமின் ஏ குறைந்துபோனது என்றார் மருத்துவர். அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்கு உரிய சிவப்புக்காது ஆமை. கடையில் வாங்கும்போது ஒரு நாணயத்தின் அளவு. வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு. இருபது முப்பது ஆண்டுகள் வாழும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லுவதில்லை. பெட்டிக்குள் அடங்காத அளவுக்கு அது வளர்ந்ததும், பாவமாக இருக்கிறதென்று கோயில் தெப்பக்குளத்திலோ கண்மாயிலோ விட்டுவிடுகிறார்கள். அது புண்ணியம் அன்று. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிர்களின் பட்டியலில் இந்த ஆமைக்கும் இடமுண்டு. நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா என்னும் குடற்கிருமியைப் பரப்புகிறது என்பதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைக் குஞ்சுகளின் விற்பனையை அமெரிக்கா 1975-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை 1997-இல் நிறுத்தியது. அவர்கள் வேண்டாம் என்றதை நாம் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தருகிறோம்!

வேறொருவர் தென் அமெரிக்கப் பச்சை ஓணானான இகுவானாவைக் கொண்டுவந்தார். தாடை எலும்பு ரப்பர்போல் வளைந்தது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் படாமல், சுண்ணாம்புச் சத்தும் இல்லாமல், அறைக்குள்ளேயே வளர்த்ததன் பயன். இத்தகைய அயல்நாட்டு உயிர்கள் பலவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. அதை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அயல்நாட்டு உயிர்தான் என்றில்லை. ஒரு பாட்டி கூண்டோடு பச்சைக்கிளி கொண்டுவந்தார். பால் சோறும் மிளகாய்ப் பழமும் தின்றே வளர்ந்த அதற்கு அலகு வளைந்து நீண்டு வாயை மூட முடியாமல் இருந்தது. மருத்துவர் அலகைச் சீர் செய்துவிட்டு, "பாட்டி, கிளி வளர்க்கிறது சட்டப்படி குற்றம், தெரியுமா?" என்று மெல்லச் சொன்னார். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் கூடா. பாட்டி பதறிப்போய், "எம்புள்ள மாதிரில்லா வளக்கேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளையைக் கூண்டில் வைப்பதுண்டா என்று கேட்க எனக்கு வாய் வந்தது, கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது எங்கள் வீட்டிலும் ஒரு கிளி இருந்தது. அதன் சிறகை நறுக்கியவன் நான்தான். பறந்துபோனால் பூனை பிடித்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நறுக்கிய பிறகுதான் அதைப் பூனை பிடித்தது.

இதுவரை படித்த நண்பர்கள், "அப்படியானால் அயல்நாட்டு மோகத்தை விட்டு நம் நாட்டு இனங்களை வளர்ப்போம் என்கிறாய், சரிதான்" என்று எண்ணியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நம் தென்மாவட்டங்களுக்கு நாயினத்தில் தனிப் பெருமை உண்டு. இராசபாளையத்தின் வெள்ளை நாய், கரிசல் நாட்டுச் சிப்பிப்பாறை, கன்னி, தேனி மாவட்டத்துக் கோம்பை என நான்கு இனங்கள். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் இராசபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்த நான்கு பெயர்களையும் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலிலுள்ள தேசிய மரபு வள நிறுவனத்தில் முறைப்படி பதிவு பெற்றுவிட்டன. 2024-இல் தமிழ்நாடு அரசு வகுத்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக், பிரெஞ்சுப் புல்டாக் போன்ற, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களை இங்கே பெருக்கக் கூடாதென்றும், நம் இனங்களைப் பேண வேண்டும் என்றும் சொன்னது. இவையெல்லாம் மகிழத்தக்கவையே. ஆனால் பெருமை வந்ததும் சந்தையும் வந்துவிட்டது. சந்தை வந்ததும் அந்தத் திண்ணைக்கு நம் நாய்களும் வரத் தொடங்கிவிட்டன.

கன்னியும் சிப்பிப்பாறையும் முயலின் பின்னே காற்றாய்ப் பறப்பதற்கென்று உருவானவை. முயல் வேட்டை இன்று சட்ட விரோதம், அது சரியே. ஆனால் ஓட்டம் அவற்றின் உடம்பிலேயே இருக்கிறதே! நகரத்து மொட்டை மாடியில் ஆறடிச் சங்கிலியில் கட்டப்பட்ட கன்னி நாய் ஒன்று தன் முன்னங்காலைத் தானே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டு வந்தது. பக் நாய்க்கு மூச்சில்லை. இதற்கு மூச்சிருந்தும் ஓட இடமில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது விடுமுறையின் கடைசி வாரத்தில் நடந்தது. ஒருவர் கூடையில் இராசபாளையம் குட்டிகள் ஐந்தைக் கொண்டுவந்தார். பாலாடைபோல் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. நான்கு குட்டிகளுக்குத் தடுப்பூசி கேட்டார். ஐந்தாவதைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்து, "இதுக்குக் காது கேக்கல, சார். வாங்குறவன் கண்டுபிடிச்சிட்டான்னா எம்பேரு கெட்டுரும். ஒரு ஊசி போட்டு முடிச்சிருங்க" என்றார். அது அவர் கைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

தூய வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுக்கும் உறவு உண்டு. கரு வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுப் பகுதியிலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. அவற்றில் சில உட்செவிக்கும் போய், அங்குள்ள இரத்த ஓட்டத்தைக் காக்க உதவுகின்றன. நிறமே வேண்டாம், வெண்மையே வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், காதுக்குப் போக வேண்டியவையும் போகாமல் நின்றுவிடலாம். அப்படி நேர்ந்தால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் மடிந்துவிடும். அமெரிக்காவில் டால்மேஷன் நாய்களைச் சோதித்தபோது, 100-க்கு 30 அளவில் ஒரு காதோ இரண்டு காதுகளுமோ கேட்காதவையாக இருந்தன. நம் இராசபாளையத்திலும் செவிட்டுக் குட்டி பிறப்பது வளர்ப்போர் எல்லோரும் அறிந்ததே. அதோடு, வெண்மை குறையக் கூடாதென்று நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தால் குறை இன்னும் பெருகும். வகுப்பில் மெண்டலின் விதிகளைப் படித்தபோது ஒடுங்கு பண்பு என்பது எனக்கு மூன்று மதிப்பெண் வினா. அன்று மேசைமேல் அது வாலாட்டிக்கொண்டு நின்றது.

மருத்துவர் ஊசி போட மறுத்துவிட்டார். "காது கேட்காதது நோயில்ல. இதைச் செய்தது நாமதான், நாமளே கொல்லவும் கூடாது" என்றார். அந்தக் குட்டி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா முதலில், "மனுசனுக்கே இங்க பாடாயிருக்கு" என்று திட்டினார். இன்று அதற்குச் சோறு வைத்த பிறகுதான் எனக்கு வைக்கிறார். அதைக் கூப்பிட வாயால் பயனில்லை. தரையில் காலை ஓங்கி மிதித்தால், அதிர்வை உணர்ந்து திரும்பி ஓடிவரும். ஆனால் பேருந்து வரும் சாலையில் மிதித்துக் கூப்பிட முடியாது. அதனால் அதை ஒருநாளும் அவிழ்த்துவிட முடிவதில்லை. கட்டி வைக்கக் கூடாதென்று எழுதும் நானே அதைக் கட்டி வைத்திருக்கிறேன். இதைவிட வெட்கம் எனக்கு வேறில்லை.

ஆகவே நான் சொல்ல வருவது சுதேசியா விதேசியா என்ற வழக்கு அன்று. எந்த நாட்டு இனமாக இருந்தாலும், கண்ணுக்கு அழகு என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் அதன் விலையை அந்த உயிர்தான் கொடுக்கிறது. வாங்குகிறவர் பணம் கொடுக்கிறார். விலங்கு மூச்சைக் கொடுக்கிறது.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. "அவரவர் பணம், அவரவர் ஆசை, உனக்கென்ன?" என்பார்கள். ஆசை நம்முடையது; மூச்சுத் திணறல் அதனுடையது. அடுத்தவர் உடம்பில் நாம் ஆசை தீர்த்துக்கொள்ள எந்தப் பணமும் உரிமை தராது. "நாங்கள் பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். மறுக்கவில்லை. அங்கு வந்தவர்களில் அன்பில்லாதவர் என்று ஒருவரையும் நான் காணவில்லை. அன்பு போதவில்லை, அறிவும் சேர வேண்டும். "சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். இருக்கிறது. நாய் பெருக்கி விற்போர் பதிவு பெற வேண்டும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. நெதர்லாந்து 2019-இல் ஒரு படி மேலே போய், மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயைப் பெருக்கக் கூடாதென்று அளவே வகுத்துவிட்டது. ஆனால் வாங்குகிறவன் கேட்கும் வரையில் விற்கிறவன் விற்றுக்கொண்டுதான் இருப்பான். சட்டம் கடையில் நிற்கும். கேள்வி வீட்டில் பிறக்க வேண்டும்.

எனவே ஒரு விலங்கை வீட்டுக்குக் கொண்டுவருமுன் நான்கு கேள்விகள் கேட்கலாம் என்பது என் கருத்து. இது யார் துணையும் இல்லாமல் மூச்சுவிடுமா, ஓடுமா, ஈனுமா? நம் ஊர் மே மாதத்தை மின்சாரம் இல்லாமல் தாங்குமா? இதன் தாயையும் தகப்பனையும் நேரில் பார்க்க முடியுமா. அவை ஒரே இரத்தமா? இது முழு வளர்ச்சி அடைந்து முழு ஆயுள் வாழும் வரையில் என்னால் வைத்துக்கொள்ள முடியுமா? நான்கில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். நாய்தான் வேண்டும் என்போர்க்கு நம் தெருவிலேயே கறுப்பும் செவலையுமாய் எத்தனை குட்டிகள்! மூக்கு நீண்டு, கால் நீண்டு, வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுத்து நிற்கும் அவற்றை யாரும் இலக்கணம் வகுத்துக் கெடுக்கவில்லை. ஒரு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஒரு கருத்தடை அறுவையும் ஒரு கைப்பிடிச் சோறும் போதும்.

நாட்டு நாய் வளர்க்கும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்னது இன்னதற்குப் பிறந்தது என்று ஒரு குறிப்பேடு வையுங்கள். செவிட்டுக் குட்டி ஈன்ற இணையை மறுபடி சேர்க்காதீர்கள். வெள்ளையில் சற்று மாசு விழுந்தாலும் காது கேட்கும் நாயே நல்ல இராசபாளையம்.

நம் விலங்கியல் துறையும் ஒன்று செய்யலாம். நான்கு கேள்விகளையும் பெரிய எழுத்தில் எழுதிய பலகை ஒன்றை அந்த மருத்துவமனைத் திண்ணையில் மாட்டுவதற்கு மருத்துவர் இசைந்திருக்கிறார். பலகைக்கும் வண்ணத்துக்கும் ஆகும் செலவை நாங்கள் சில மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். ஆசிரியர்கள் அனுமதி தந்தால் வரும் கோடைக்கு முன்பே மாட்டிவிடலாம்.

விலங்கு வாங்க எண்ணியிருக்கும் நண்பர் யாரேனும் இம்மலரைப் படித்தால், முன்பணம் கொடுக்குமுன் ஒரே ஒரு நாள் காலை அந்தத் திண்ணைக்கு வாருங்கள். எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். ஞாயிறு தவறாமல் நான் இன்றும் அங்கே சீட்டு எழுதப் போகிறேன். உங்களுக்கு ஓர் இடம் பிடித்து வைக்கிறேன்.